இரண்டு எழுத்து

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
இருபத்திமூன்றாம் தூணுக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம்.
மேலே லாரி போனால்
இங்கே கீபோர்டு நடுங்கும்.

வள்ளவிளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த டெல்பின்
முதலில் கேட்டது,
"கொஞ்சம் வெள்ளம் தருவியளா?"

கோவில்பட்டிக்காரி நான்.
எங்களுக்கு வெள்ளம் என்றால்
ஊரைக் கொண்டுபோவது.
கட்டிவந்து பதினோரு வருஷம்,
இன்னும் ஒரு நொடி திடுக்கிட்ட பிறகுதான்
செம்பை எடுக்கிறேன்.

குடித்து முடித்து ஒரு காகிதத்தை நீட்டினாள்.
மும்பை இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில்.
எந்த நோய்?
எத்தனை நாள் சிகிச்சை?
ஆஸ்பத்திரிச் சீட்டுகளை இணைக்கவும்.

"நோயா? அவருக்கு ஒரு பனிகூட வந்ததில்ல, அக்கா."
பனி என்றால் இங்கே காய்ச்சல்.
எனக்கோ அது புல்லின் மேல் இருப்பது.
இதையும் ஒரு நொடி கழித்தே புரிந்துகொண்டேன்.

நீங்க அனுப்பின கடுதாசியக் காட்டுங்க என்றேன்.
அவளே எழுதியது. பிளஸ் டூ வரை படித்த கையெழுத்து,
கோடு போடாத தாளிலும் கோடு தப்பாமல்.

எஞ்சின் நின்று ராத்திரி முழுக்கப் படகு
அசையாமல் கிடந்ததாம். ஸ்டேஷனரி.
'ஏ' வரவேண்டிய இடத்தில் 'இ' வந்திருந்தது.
அந்த 'இ' வந்தால் அது
பேனா, பென்சில், குயர் நோட்டு.
கப்பல் வந்து இடித்தபோது
நடுக்கடலில் ததேயூஸ்
ஒரு காகிதத்தில் நின்றிருந்தான்.

அடுத்த பத்தியில்,
வாங்கிய கடனுக்கு வீட்டை இழக்க முடியாது என்று.
லூஸ். 'ஓ' ஒன்று கூடிப்போனது.
வீட்டை அவிழ்த்துவிட முடியாது என்று ஆகியிருந்தது.
இதில் என்ன தப்பு என்று
கொஞ்ச நேரம் யோசித்தேன்.
பிறகு ஒரு 'ஓ'வை அழித்தேன்.
அவிழ்ந்த வீட்டுக்குக் கம்பெனி காசு தராது.

மேலே ஒரு தண்ணி லாரி போனது.
கர்சர் துடித்தது.

முதல் வரிக்கு அப்புறம்தான் வந்தேன்.
"என் டிசீஸ்டு கணவர்."
தமிழில் எழுதினால் ரெண்டும் ஒன்றுதான்,
காதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.
மும்பையில் எவனோ கண்ணால் படித்திருக்கிறான்.
இறந்துபோன என்று எழுத நினைத்தவள்
நோயாளியான என்று எழுதிவிட்டாள்.
ரெண்டே எழுத்து வித்தியாசம்.

"எந்த ரெண்டு?" என்று
நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.
திரையில் விரலை வைத்துக் காட்டினேன்.
இந்த 'ஐ' போய் 'இ' வரணும்.
இந்த 'எஸ்' போய் 'சி' வரணும்.

அவள் விரல் அங்கேயே நின்றது.
எஸ், இ, ஏ.
மெதுவாக, பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல்
மறுபடியும் சொன்னாள்.
எஸ், இ, ஏ.
"இதுக்குள்ள கடல் கெடக்கே."

எத்தனை பேருக்கு எத்தனை தடவை
இந்த வார்த்தையை அடித்திருக்கிறேன்!
கோர்ட்டுக்கு, தாலுகா ஆபீசுக்கு, பேங்குக்கு.
ஒரு நாளும் பார்த்ததில்லை.
தப்பான வார்த்தையின் வயிற்றில்
முழுசாக ஒரு கடல்.

"மாத்தினா?"
"மாத்தினா இருக்காது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
பேக்ஸ்பேஸில் விரலை வைத்துக்கொண்டு
நானும் சும்மா இருந்தேன்.
பிறகு அவளே,
"மாத்துங்க. பிள்ளையளுக்கு பீஸ் கட்டணும்."

ஐயை எடுத்தேன்.
எஸ்ஸை எடுத்தேன்.
அந்த இடத்தில் 'சி'யை அடித்தேன்.
சொல்லிப் பார்த்தால்
அதுவும் கடல் என்றுதான் கேட்கிறது.
அவளிடம் சொல்லலாமா என்று பார்த்தேன்,
பிரிண்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

முப்பது ரூபாய் கேட்டேன்.
கொடுத்துவிட்டு, புதுசை மடித்துக் கவரில் போட்டாள்.
பழையதை மடிக்கவில்லை,
அப்படியே சுருட்டிக்
கையில் பிடித்துக்கொண்டு
குழித்துறை பஸ்ஸுக்கு ஓடினாள்.