எஃப்-வடக்கு வார்டு, இடது கால்

ஆண்டாப் ஹில் மேட்டில் வால்வுக் குழிக்குள் சறுக்கி
மாவுக்கட்டோடு கிடந்த ஆறாவது வாரம்
இடது கால் வலது காலை மதிக்காமல் வளர்ந்தது.
தொட்டால் சூடு. அழுத்தினால் விரல் பதிந்த இடம்
பள்ளமாகவே நின்றது, அவசரமில்லாமல்.

டாக்டர் முக்தா கர்ணிக் ஒரு ரசீதின் பின்புறம்
என் காலை வரைந்தார். முழங்காலிலிருந்து இடுப்பு வரை
பேனாவால் தீட்டித் தீட்டிக் கறுப்பாக்கினார்.
'இவ்வளவும் உறைஞ்ச ரத்தம்.
கரைக்க மருந்து இருக்கு.
எந்த வழியா விடுறதுங்கறதுதான் பேச்சு.'

கையில் ஏற்றினால்
உடம்பெல்லாம் சுற்றி, அடைப்புக்கும் கொஞ்சம் போகும்.
தெரியும். மெயின் லைனைத் திறந்தால்
கீழ்த்தெரு வாளியெல்லாம் நிறையும்,
மேட்டின் கடைசிக் குழாய் இருமும்.

பாதத்து நரம்பில் விட்டு, கணுக்காலைப் பட்டையால் இறுக்கினால்
மேலோட்டமாய் ஓடாமல் ஆழத்துக்கு இறங்கலாம்.
'இறங்கலாம்' என்றார். 'இறங்கும்' என்று சொல்லவில்லை.

இன்னொன்று: முழங்கால் மடிப்பில் துளையிட்டு
ஓட்டை ஓட்டையான மெல்லிய குழாயை
அடைப்புக்குள்ளேயே படுக்கவைத்து
ராத்திரி முழுக்கச் சொட்டவிடுவது.
மருந்து குறைவு. படமெடுக்கும் மேஜை, ஐ.சி.யூ கட்டில்,
பில் அதிகம்.

அதாவது டேங்கர்.
இருபத்திரண்டு வருஷம் டேங்கர்காரர்களைத் திட்டியவன் நான்.
தன் வாசலுக்கு மட்டும் தண்ணீர் வாங்குகிறவனை
மனுஷனாகவே எண்ணியதில்லை.

'எதுல சாவு கம்மி?'
ஜெபராணி கேட்டாள், என்னைப் பார்க்காமல்.
டாக்டர் பேனாவை மூடினார்.
'எல்லாத்துலயும் கரையத்தான் செய்யுது.
கசிவு பயமும் எல்லாத்துலயும் இருக்கு, தலைக்குள்ளன்னா மோசம்.
இது அதை ஜெயிக்கும்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு
யாரும் இன்னும் எண்ணி முடிக்கல.
எதையும் கரைக்காம, மேல உறையாம இருக்க
ஊசி மட்டும் போட்டும் பிழைக்கலாம்.
ஆனா வால்வு போயிடலாம்.'

என்ன வால்வு?

'நரம்புக்குள்ள. ரத்தம் மேல ஏறினா திறக்கும்,
கீழ இறங்கப் பார்த்தா மூடும்.
அடைப்பு நாள்பட உட்கார்ந்தா தழும்பாகி
மூடாமலே நிக்கும். கால் கனக்கும், கறுக்கும், புண்ணாகும்.'

ஐம்பத்தொரு வயசு.
எஃப்-வடக்கில் எண்பத்துமூன்று வால்வு என் சாவிக்கு.
இருட்டிலும் கை தானாகப் போகும்.
என் சொந்தக் காலில் இருப்பதை
யாரும் சொன்னதில்லை.

கையெழுத்துப் போட்டேன். டேங்கருக்கு.

குப்புறக் கிடந்தேன். தலையணையில் பினாயில் வாசம்.
மணிக்கொரு தரம் நர்ஸ் பெயர் கேட்டாள், கிழமை கேட்டாள்,
இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள்.
தலைக்குள் கசிகிறதா என்று பார்க்கிறாளாம்.
மூணு நாற்பதுக்கு விழித்தே இருந்தேன்.
அந்நேரம் சதாசிவ் மேட்டு வால்வைத் திருக வேண்டும்.
எட்டுச் சுற்று, ஒன்பதாவது பாதி.
அவன் ஏழில் நிறுத்துவான்.
சொல்லி அனுப்பக் கையில் போன் இல்லை.
ஒரு சொட்டு. நெடுநேரம். ஒரு சொட்டு.

மறுநாள் திரையில் என் கால்:
மை ஓடிய கோடு இடுப்பு வரை,
ஓரிடத்தில் மட்டும் கடித்துவைத்த கரும்பு மாதிரி.
'முக்கால்வாசி போயிடுச்சு.'
வால்வு?
'அது ஒரு வருஷம், ரெண்டு வருஷம் நடந்தாத்தான் தெரியும்.'

ஜெபராணி போனை என் காதில் வைத்தாள். சதாசிவ்.
மேட்டில் பொம்பளைகள் குடத்தோடு நின்று கத்தினார்களாம்.
எத்தனை சுற்று என்றேன்.
ஏழு என்றான்.