பதினெட்டு

ஹாவர், மொன்டானா. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
இன்ஜின் உறையாமலிருக்க
மின்கயிற்றில் கட்டிய மாடுகளாய் வண்டிகள் நிற்கின்றன.
உள்ளே எங்கள் வியாழக்கிழமை மேசை,
ஒன்றுக்கு இரண்டு டாலர் ஆட்டம்.

சின்ன பிளைண்ட் நான்.
சீட்டைப் பார்க்குமுன்னே ஒரு டாலர் போய்விட்டது.
பாதிக் காசு கொடுத்தவளுக்கு
இருப்பதிலேயே மோசமான நாற்காலி:
மூன்று சீட்டு விரிந்ததும் முதலில் வாய் திறக்க வேண்டும்,
மற்றவர்கள் என் முகத்தைப் படித்துவிட்டுப் பேசுவார்கள்.

லைல் இரண்டு டாலரைத் தள்ளுகிறார்,
கோதுமைக்கு விலையில்லை என்று பத்து வருடமாகச் சொல்பவர்.
வென்டெல் இரண்டு.
நர்ஸ் கோரீன், இரவு ஷிஃப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம், இரண்டு.
ஆரின் இரண்டு, சீட்டைப் பார்த்தாரா என்பதே சந்தேகம்.
யாரும் ஏற்றவில்லை. யாரும் எறியவில்லை.
சில்லை வீசிவிட்டு ஒற்றைக் காலில்
நொண்டியடித்து வருகிறார்கள் கட்டத்துக்குள்,
கோட்டை மிதிக்காமல்.

இப்படித்தான் ஆறு குளிர்காலம் ஆடினோம்.
நானும் இன்னொரு டாலரைப் போட்டு
சரி, பார்ப்போம் என்பேன்.
இதைச் சூதாட்டம் என்றால் பாதிரியார்கூடச் சிரிப்பார்.
ஹீட்டர் பக்கத்தில் உட்கார
ஆளுக்கு இரண்டு டாலர் வாடகை, அவ்வளவுதான்.

ஆர்ட்டின் ஆஸ். ஆர்ட்டின் ராணி.
இன்றைக்குப் பன்னிரண்டு மணி நேரம்
சரக்கு ரயிலோடு பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நின்று
யார் யாருக்கோ வழிவிட்டு வந்திருக்கிறேன்.
"பதினெட்டு" என்றேன்.

யாரோ வாசல் கதவைத் திறந்துபோட்டது போலிருந்தது.

பெரிய பிளைண்ட் கஸ்
தன் இரண்டு டாலரை ஒருமுறை பார்த்துவிட்டு எறிந்தார்.
"என்ன பெரிட், யூனியன் சம்பளம் ஏற்றிவிட்டதா?" லைலும் எறிந்தார்.
வென்டெல் பேசவேயில்லை.
கோரீன் சிரித்துக்கொண்டே சீட்டை மடக்கினாள்.
ஆரினுக்கு இடது காது கேட்காது.
எவ்வளவு, எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டு
பதினாறு சில்லை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.

டைமன் ராணி, கிளாவர் ஏழு, ஸ்பேட் இரண்டு.
இருபத்தைந்து என்றேன்.
குரல் நடுங்கவில்லை, மேசைக்கடியில் முழங்கால் நடுங்கியது.
ஆரின் வைத்தார்.
நான்காவதாக இன்னொரு ஏழு.
மேசையைத் தட்டினேன்.
ஆரின் நாற்பது டாலரை முன்னே நகர்த்தினார்.
அவர் தானாகக் காசு வைத்து நான் கடைசியாகப் பார்த்தது
அவருக்குப் பேரன் பிறந்த வாரம்.

ராணியைத் திருப்பிக் காட்டிவிட்டு எறிந்தேன்.
அவரும் காட்டினார்: ஏழு. துணைக்கு ஒரு ஜாக்கி.
"ஜாக்கி ஏழுக்கா பதினாறு டாலர்!"
லைல் தலையிலடித்துக்கொண்டார்.
"இவள் ஏற்றினாளே,
என்னதான் இருக்கிறது என்று பார்க்கப் போனேன்" என்றார் ஆரின்.

நாற்பத்துமூன்று டாலர்.
நாளை அதே சீட்டு, அதே நாற்காலி,
அதே நாலு பேர் அப்படியே வந்தாலும் பதினெட்டுதான்.
இதை வீட்டில் சொன்னால் தொலைத்ததை மட்டும் கேட்பார்கள்.

பொத்தான் ஒரு சுற்றுப் போய் வந்தது.
மறுபடி என் ஒரு டாலர், பார்க்குமுன்னே.
சீட்டு விழுந்தது.
லைல் இரண்டு டாலரைக் கையில் எடுத்தார்.
வைக்கவில்லை.
கட்டைவிரலால் சில்லை உருட்டிக்கொண்டே
என் கையைப் பார்த்தார்.