காரணம் என்றொரு கட்டம்

மனாமாவில் எட்டு மணிக்கே வெயில் நிமிர்ந்து நிற்கிறது.
நீதிமன்ற வாசலில் பூவலிங்கம்
வலது கையைப் பைக்குள் விட்டிருந்தான்,
சில்லறை தேடுகிறவன் போல.

நான் மொழிபெயர்ப்பாளன். மணிக்கு ஆறு தினார்.
அவன் சொல்வதை அரபியாக்க வேண்டும்,
அவர்கள் சொல்வதைத் தமிழாக்க வேண்டும்,
இடையில் எனக்குத் தோன்றுவதை விழுங்கிவிட வேண்டும்.

ஹித் பட்டறையில் தகடு வெட்டும் எந்திரம்
மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது.
காப்பீட்டு அலுவலகத்தின் மருத்துவக் குழு
மீதியைப் பார்த்தது.
நாலே நிமிஷம் என்கிறான்.
ஊனம்: ஒன்பது சதம்.
கீழே 'காரணம்' என்றொரு கட்டம்.
அதற்குள் ஒரு கோடு,
பேனா நழுவியதா இழுத்ததா தெரியாத
சின்னக் கோடு.

"ஒன்பதுன்னா எந்த வெரலுக்கு எவ்வளவுண்ணே?"
அது என் கூலியில் சேராத கேள்வி.

உள்ளே எழுத்தர் தாவா எண் கேட்டார், அசல் கேட்டார்.
நான் வாய் திறக்குமுன்
கோப்பை நீட்டினான் பூவலிங்கம்.
வரப்புத் தகராறுக்காக
பரமக்குடி முன்சீப் கோர்ட்டுக்கு
அப்பாவோடு அலைந்த பையன்.
கோர்ட்டு அரபியில் கால்வாசி
அவனுக்கு ஏற்கெனவே தெரியும்.

நீதிபதி நடுவயதுப் பெண்மணி.
பேனா முனையால் கோட்டைத் தொட்டார்.
"இது என்ன?"
"குழுவின் முடிவு" என்றார் அரசு வக்கீல்.
"முடிவு தெரிகிறது. நான் கோட்டைக் கேட்கிறேன்."

அறையில் ஏசி மட்டும் பேசியது.
மௌனத்தை மொழிபெயர்க்க எனக்குக் காசில்லை.
ஆனாலும் அவன் காதில் சொன்னேன்:
"கோட்டைக் கேக்குறாங்க."
கை, தானாகவே, பையைவிட்டு வெளியே வந்தது.

பதினோரு நாள் கழித்துத் தீர்ப்பு:
இந்த மன்றம் விரலை அளக்காது.
அளந்தவர் எப்படி அளந்தார் என்றே கேட்கும்.
முடிவு செல்லாது.
அதே குழு மறுபடி பார்க்கட்டும். காரணம் எழுதட்டும்.

"ரத்து" என்றேன் அவனிடம்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
ஓதிய காலத்தில் எனக்கு
ரத் என்றால் திருப்பிக் கொடுப்பது.

"அப்ப ஜெயிச்சாச்சா?"
"தோக்கல."
"பணம்?"
"திரும்பப் பாப்பாங்க."
"அதே டாக்டரா?"
"அதே டாக்டர்."
"கூட வருமா?"
"ஒன்பதே வரலாம். ஆனா ஏன்னு எழுதணும்."

குழு கூடுவது அடுத்த மாதம் பதினாலு.
அவன் விசா எட்டாம் தேதியோடு சரி.
அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை;
கேட்காததைச் சொன்னால்
அடுத்த முறை என்னைக் கூப்பிட மாட்டார்கள்.
வாசல்வரை வந்துவிட்டு, திரும்பி உள்ளே போய்,
சொன்னேன்.
எழுத்தர் ஒரு மனு படிவம் தந்தார்.
அதிலும் ஒரு கட்டம்.

பேருந்து நிறுத்தத்தில்
மிஞ்சிய இரண்டு விரலுக்கு நடுவே
தீர்ப்பு நகலைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு தாளாகத் திருப்பினான்.
ஏழு பக்கம்.
வலமிருந்து இடமாக ஓடும், அவன் படிக்க முடியாத எழுத்து.

"எடமே விடாம எழுதியிருக்காங்கண்ணே"
என்றான்.