பெற்றோர் தொழில்

பங்குனி வெயில் ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்த
மூன்றாம் பாடவேளை. ஐந்தாம் வகுப்பு.
பாடம்: வேலைப் பகுப்பு.
பழைய செய்தித்தாளும் ஒரு கிண்ணம் மைதாப் பசையும்
கொண்டுபோயிருந்தேன்.
கத்தரி மட்டும் மாதேஷ் வீட்டிலிருந்து.

முதலில் தனித்தனியாக.
ஐந்து பேர், பத்து நிமிடம், பதினொரு கவர்.
அதில் இரண்டுக்கு அடிப்பக்கமே இல்லை.
யாஸ்மினுடையதைக் கடையில் கொடுக்கலாம்;
மூலையில் ஒரு பூ வேறு வரைந்திருந்தாள்.

பிறகு வரிசையாக.
மாதேஷ் வெட்ட, தனுஸ்ரீ மடிக்க,
திம்மராஜ் பசை தடவ, யாஸ்மின் ஒட்ட,
லோகமித்ரா எண்ணி அடுக்க
முப்பத்து நான்கு.
கரும்பலகையில் எழுதி வட்டமிட்டேன்.
பாடம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"பூ போட நேரமே இல்ல மிஸ்."
"நான் ஒரு கவரக்கூட முழுசாப் பாக்கல"
என்றான் திம்மராஜ்,
ஒட்டிக்கொண்ட விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடி.

பரிசுக்கு வைத்திருந்த கடலை மிட்டாய் ஏழு.
ஆளுக்கு ஒன்று போக இரண்டு மிச்சம்.
கத்தரி தன்னுடையது, அதனால் ஒன்று தனக்கு என்றான் மாதேஷ்.
எத்தனை கவர் என்று தனக்கு மட்டுமே தெரியும்,
அதனால் ஒன்று தனக்கு என்றாள் லோகமித்ரா.
புத்தகத்தைப் புரட்டினேன்.
அடுத்த பக்கத்தில் படம்தான் இருந்தது:
மருத்துவர், காவலர், தபால்காரர்,
மூவரும் சிரித்துக்கொண்டு.
நான் பதில் தேடுவதற்குள்
திம்மராஜின் மிட்டாயை யாஸ்மின் உரித்து
அவன் வாயில் போட்டாள்.
பசைக் கையால் தாள் உரிக்க வராது.

"எங்க தெருவே இப்படித்தான் மிஸ்" என்றாள் தனுஸ்ரீ.
"சின்னபாப்பா அத்தை புளி ஓடு உடைக்கும்,
எங்கம்மா கொட்டை தட்டும்,
நார் உரிக்கிறது நானும் தம்பியும்..."
நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள்.
"லீவுல மட்டும்."

லீவு வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.
அவள் நகக்கண்ணில் பழுப்பு நிறம்.
நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குள் வகுப்பு திறந்துவிட்டது, கட்டவிழ்ந்த மூட்டை மாதிரி.
மாதேஷின் அப்பா பெங்களூரில் கம்பி கட்டுகிறார்.
ஒன்பதாம் மாடி முடிந்ததும் வேறு சைட்டு;
தான் கட்டிய வீட்டுக்குக் கதவு வைத்து
அவர் பார்த்ததில்லை.
திம்மராஜின் அக்காவைக் கம்பெனி பஸ்
விடியுமுன் காரிமங்கலம் ரோட்டில் ஏற்றிக்கொண்டு
ஓசூர் போகிறது.
போனுக்கு ஸ்க்ரூ போடுகிறாள்.
"எல்லா ஸ்க்ரூவுமா?" என்றாள் யாஸ்மின்.
"இல்ல. இடப்பக்கம் கீழ இருக்கிறது."

யாரும் சிரிக்கவில்லை.
பின்வரிசையில் ஒருவன்
அந்த ஒரு ஸ்க்ரூ இல்லாவிட்டால் போன் ஓடுமா என்று கேட்டான்.
"ஆடும்" என்றான் திம்மராஜ்,
வாய் நிறைய மிட்டாயோடு, பெருமையாக.

மாலை, ஒன்றிய அலுவலகம் கேட்ட பட்டியலுக்காகப்
பதிவேட்டைத் திறந்தேன்.
பெற்றோர் தொழில்: முதல் வரியில் 'கூலி'.
அதன் கீழே மேற்படிக் குறி,
அதன் கீழே மேற்படிக் குறி,
இருபத்தாறு வரிக்கு இரண்டிரண்டு கோடுகள்
எறும்புச் சாரியாய் இறங்கின.
என் கையெழுத்துதான்.
ஜூன் மாதம், கை வலித்த ஒரு மத்தியானம்.

ஒயிட்னர் தீர்ந்திருந்தது. அடித்து எழுதினேன்.
தலைமையாசிரியர் கேட்பார், கேட்கட்டும்.
'கம்பி கட்டுதல்' நெருக்கி எழுதினால் அடங்கியது.
'புளியங்கொட்டை தட்டுதல்' அடங்கவில்லை.
ஒரு அங்குலக் கட்டம் அது.
கடைசி எழுத்துகள் கோட்டைத் தாண்டிப்போய்
ஆண்டு வருமானத்தின் மேல் விழுந்தன.