பந்து நகம்

வலது கையின் நான்கு நகங்களைப்
பதினொரு ஆண்டுகள் பொத்திப் பொத்தி வளர்த்தேன்.
பாத்திரம் தேய்த்ததில்லை.
பேருந்தில் கம்பியை இடக்கையால்தான் பிடிப்பேன்.
ஆரஞ்சு உரிக்க
பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவேன்,
பெரிய ராஜகுமாரி மாதிரி.

போஸ்னியாவில் அந்த ஆற்றங்கரை ஊருக்கு
ஒரு சனிக்கிழமைக் கச்சேரிக்காகப் போயிருந்தேன்.
சுவரொட்டியில் என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
வியாழன் இரவு ஆறு வந்து
சுவரொட்டியை, சுவரை,
சுவருக்குப் பின்னாலிருந்த ரொட்டிக்கடையை
ஒரே வாயில் எடுத்துக்கொண்டு போனது.

விடிந்ததும் அமைப்பாளர் செனாத் போன் செய்தார்:
"கச்சேரி இல்லை, மன்னிக்கணும்.
திரும்பிப் போக ரயிலும் இல்லை.
மண்வெட்டி இருக்கிறது."

சேறு என்றால் நான் நினைத்திருந்தது வேறு.
இதில் டீசல் வாடை.
புளித்த மாவுபோல் மண்வெட்டியை விடாது.
உள்ளே கரண்டி கிடந்தது,
ஒரு கல்யாண ஆல்பம்,
மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டு,
உயிரோடு ஓர் ஆமை.
ஆல்பத்துக்கு ஆள் வந்தார்கள்.
ஆமையை யாரும் தன்னுடையது என்று சொல்லவில்லை.

நெர்மினாவின் வீட்டு நிலவறையில்
பத்துப் பேர் வரிசையாக நின்று வாளி கைமாற்றினோம்.
என் இடப்பக்கம் ஊர்த் தபால்காரர்.
வலப்பக்கம் அவருடைய மைத்துனர்.
இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சு கிடையாதாம்.
வாளி மட்டும்
என் வழியாகப் போய் வந்தது.

முதல் நகம் பத்தரை மணிக்கு ஒடிந்தது.
அடுத்த இரண்டும் போனதைக் கவனிக்கவில்லை.
மாலையில் பாட்டில் தண்ணீரில் கை கழுவும்போது
எண்ணிப் பார்த்தேன்.
கட்டைவிரலில் மட்டும் பாதி மிச்சம்.

அழவில்லை என்று எழுத ஆசைதான்.
அழுதேன்.
வீட்டை இழந்தவள் முன்னால் நின்று, நகத்துக்காக.
நெர்மினா என் விரல்களைப் புரட்டிப் பார்த்தாள்.
"வளர எவ்வளவு நாளாகும்?"
"மூன்று மாதம்."
"என் சுவர் காயவும் அவ்வளவுதான்" என்றவள்
அடுத்த வாளியைத் தூக்கினாள்.

இரவு எல்லோருக்கும் பள்ளிக்கூடத்து மாடி.
விளையாட்டு அறைக் கதவைத் தள்ளியதும்
டேபிள் டென்னிஸ் பந்துகள்
யாரோ கூப்பிட்டதுபோல் உருண்டு வந்தன.
நகம் போன கிதார்காரர்கள்
பந்தை வெட்டி ஒட்டிக்கொள்வதுண்டு என்று
சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.
சொல்லி முடிக்குமுன்
செனாத்தின் மகன் எல்விர் கத்தரிக்கோலோடு நிற்கிறான்.
செருப்புப் பசைதான் கிடைத்தது.
மூக்கை அடைக்கும் அந்த நெடியோடு
ஒவ்வொரு விரலையும் இறுக்கிப் பிடித்து
நூறுவரை எண்ணினான்.
மோதிர விரலுக்கு
முத்திரை விழுந்த துண்டு வந்து சேர்ந்தது:
பாதி நட்சத்திரம்.

மின்சாரம் இல்லை. ஒரு டார்ச், அதுவும் தரையைப் பார்த்து.
வாசித்தேன்.
மேல் தந்தியில் தகரம் போலக் கேட்டது.
இரண்டாவது வரிக்குள் தபால்காரர் தூங்கிவிட்டார்.
மைத்துனர் எழுந்து போய்
அவருடைய பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு
வேறு மூலையில் போய்ப் படுத்தார்.

லிஸ்பனில் ஒருமுறை
முன்வரிசைக்காரர் கொட்டாவி விட்டதற்கு
இரவு முழுக்க வெந்துகொண்டிருந்தேன்.
இங்கே நாற்பது பேர் குறட்டை,
மூன்று நாள் கண் மூடாதவர்களின் குறட்டை,
ஒரு தாளத்துக்கும் அடங்காதது.
வேகத்தைக் குறைத்தேன்.
இன்னும் குறைத்தேன்.
நெர்மினாவின் கை
தூக்கத்திலும் வாளிப் பிடியில் மடங்கியிருந்தது.

கடைசிச் சுரத்தை வாசிக்கவில்லை.
யாராவது பழக்கதோஷத்தில்
கைதட்டிவிட்டால்?

கிதாரைச் சத்தமில்லாமல் பெட்டியில் வைத்தேன்.
மூலையில் அட்டைப்பெட்டியை
ஆமை சுரண்டிக்கொண்டிருந்தது.
அதற்கு
எல்லா நகமும் இருந்தன.