நான்காவது இருமல்

துறைமுகங்கள் பற்றிப் புவியியல் ஒப்படை.
ஹார்பர் என்று தேடினேன்.
வந்து விழுந்தார்கள் நாலு பேர்:
தோள்வரை தலைமயிர், பெல்பொட்டம்,
ஒருத்தனுக்கும் சிரிக்கத் தெரியாது.
டின் ஹார்பர்.
எங்கள் துறைமுகத்துக்கும் அவர்களுக்கும்
ஒரு சம்பந்தமும் இல்லை.
ஒப்படையை நான் இன்னும் கொடுக்கவில்லை.

முதல் தரம் பிடிக்கவில்லை, உண்மையாக.
பக்கத்து வளவில் மாபிள் வெட்டும் மெசின் மாதிரி.
இரண்டாம் தரம்
அந்த மெசினுக்குள் யாரோ அழுவது கேட்டது.
மூன்றாம் தரம்
உவர்மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்க மறந்து
ஒரு மானை இடிக்கப் பார்த்தேன்.
மான் அசையவில்லை.
இந்த ஊர் மான்கள் பஸ்ஸுக்கே வழி விடாதவை.

பிறகு மூன்று பேரானோம்.
நான்,
கிண்ணியா பஸ்ஸில் வரும் ஸஃப்ரா,
பாலையூற்று டெரன்ஸ் ஒக்கர்ஸ்.
ட்ரம்ஸ் அடித்தவன் செத்தது
நாங்கள் பிறக்கப் பத்தொன்பது வருடம் முன்பு.
செய்தி எங்களுக்குப் போன மாதம்தான் வந்தது.
ஸஃப்ரா அவனுக்காக ஒரு கிழமை
மத்தியானச் சாப்பாட்டை விடுவதாகச் சொன்னாள்.
வியாழக்கிழமை ரோல்ஸ் வாசத்தில் தோற்றுப்போனாள்.

ரீசேட் அடிக்கப் போனோம்.
நங்கூரத்தைச் சுற்றிய பாம்பு, கீழே மூன்று நட்சத்திரம்.
கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
'இது எந்தக் கட்சி?' என்றார்.
முழுக்காசையும் முதலே வாங்கிக்கொண்டார்.
கட்சிகளோடு அவருக்கு அனுபவம் இருக்கிறது.

இனி இருமலைச் சொல்ல வேண்டும்.
எழுபத்தி நாலாம் ஆண்டு, ஏதோ குளிர் ஊரில் மேடைப் பதிவு.
ஆறாம் பாட்டில் கிற்றார் நின்று
குரல் இன்னும் தொடங்காத நாலு விநாடி.
கூட்டத்தில் எவரோ இருமுகிறார்.
ஒரே ஒரு தரம். சளி கட்டிய இருமல்.
அழிக்காமல் இசைத்தட்டில் அப்படியே விட்டுவிட்டார்கள்.
அன்றிலிருந்து இந்தக் குழுவுக்குப் பைத்தியமானவர்கள்
எந்த நாட்டிலிருந்தாலும்
அந்த இடம் வந்ததும் இருமுவார்கள்.
அதுதான் அடையாளம். வேறு அட்டை கிடையாது.
இருமியது யாரென்று ஐம்பது வருடச் சண்டை:
மீன் விற்பவன், கன்னியாஸ்திரி, பாடகனின் தாய்.
டெரன்ஸ் சொல்கிறான்,
டிக்கெற் காசு வீணாகக் கூடாதென்று
காய்ச்சலோடு வந்த ஒரு மனிதன்.
அந்த மனிதனை எனக்குப் பிடிக்கும்,
பாடியவனை விட.

போன சனிக்கிழமை, டச் பே.
செருப்பை மணலில் குத்தி அதில் ஸ்பீக்கரைச் சாய்த்து
ஆறாம் பாட்டைப் போட்டோம்.
கச்சான்காரர் முகம் சுளித்துத் தள்ளிப் போனார்.
கோட்டைப் பக்கமிருந்து வந்த இரண்டு சீருடைகள்
எங்களுக்குப் பின்னால் நின்றன.
திரும்பிப் பார்க்கத் தேவையில்லை;
எங்கள் வீடுகளில்
முதுகுக்கும் கண் வைத்துத்தான் பிள்ளை வளர்ப்பார்கள்.
சத்தத்தைக் குறைக்கப் போன ஸஃப்ராவின் கை
பாதியில் நின்றது.
கிற்றாரும் நின்றது.

நான் இருமினேன்.
ஸஃப்ரா.
டெரன்ஸ், அரை விநாடி பிந்தி, வழக்கம்போல.
பிறகு
பின்னாலிருந்து ஒன்று.

குரல் தொடங்கியது.
யாரும் திரும்பவில்லை.
சப்பாத்துகள் மணலை அழுத்தி
மாதா கோயில் பக்கம் போயின.

அடையாளம்தான், டெரன்ஸ் சத்தியம் செய்கிறான்.
கடல்காற்று, மண், ஸஃப்ரா சொல்கிறாள்,
மனிசருக்குச் சும்மா இருமல் வராதா?
இருவரும் இப்போது கதைப்பதில்லை.

நான் இரவில்
அந்த நாலு விநாடியை மட்டும்
திரும்பத் திரும்பப் போடுகிறேன்,
கூடவே இருமுகிறேன்,
எவ்வளவு தற்செயலாக இருமலாம் என்று பார்க்க.
அடுத்த அறையிலிருந்து அம்மா:
'என்ன பிள்ளை, தடிமனோ?'
ஓம் என்கிறேன்.
குசினியில் கொத்தமல்லி அவிகிற மணம்.