இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு

எனக்குக் கொடுத்த ஆணி மூன்று அங்குலம்.
அலமாரி அடித்ததில் மிஞ்சியது.
டர்பன் வானொலியின் இசைத்தட்டு அறையில்
அதற்கென்றே ஓர் இழுப்பறை,
பூட்டுக்கூட இல்லாமல்.

திங்கள்தோறும் பிரிட்டோரியாவிலிருந்து பட்டியல் வரும்.
தட்டின் பெயர், பக்கம், பாட்டின் எண்.
காரணம் என்ற கட்டம் மட்டும் எப்போதும் காலி.
மிஸ்டர் ஃபூரி அதை என் மேசையில் போட்டு
"பூபாலன், இன்றைக்கு நாலு" என்பார்,
முட்டை வாங்கிவரச் சொல்வதுபோல.

கீறுவேன்.
நன்றாகத்தான் கீறுவேன்.
சட்ஸ்வொர்த்தில், யூனிட் மூன்றில்,
முனிசிபல் வீட்டுக்கு மாதம் பிறந்தால் வாடகை.

அந்த ஜூன் குளிரில் வந்தது
லண்டன் பையன்கள் நாலு பேரின் தட்டு.
அட்டையில் உடைந்த தொலைபேசிக் கூண்டு,
உள்ளே ஒருவன், ஒற்றைக் காலில் மட்டும் பூட்ஸ்.
பதினான்கு பாட்டு.
பதின்மூன்றைப் பற்றிப் பிரிட்டோரியாவுக்குக் கவலையில்லை.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
வகிடு மாதிரி ஒரு வெறும் கோடு தெரியும்.
அதைப் பார்த்தே கீறிவிடலாம்,
கேட்க வேண்டியதில்லை.
அன்று ஃபூரி பல் பிடுங்கப் போயிருந்தார்.
ஊசியை வைத்தேன்.

இரண்டு நிமிஷம், பத்து விநாடி.
கிட்டார் தெரியாதவன் கிட்டார் வாசித்தான்,
தெரியாததை மறைக்கவும் இல்லை.
தகரக் கூரையில் கல்மழையாய் டிரம்.
தொண்டையில் மணலோடு ஒருத்தன்
யாருடைய கதவு இது, யாருடைய கதவு இது என்று
பதில் வேண்டாதவன்போலக்
கேட்டுக்கொண்டே போனான்.
பாட்டே அவ்வளவுதான்.

எனக்குப் பின்படிக்கட்டு நினைவுக்கு வந்தது.
ஆறு மாடி. லிஃப்ட் எங்களுக்கில்லை.
தேநீர்க் கோப்பைக்கும் தனி ஆணி, சுவரில்.
ஆணியைப் பற்றி அதுவரை நான் யோசித்ததில்லை.

இன்னொரு முறை கேட்டிருந்தால்
கீறியிருக்கமாட்டேன் என்று
சொல்லிக்கொள்ள ஆசைதான்.
கேட்கவில்லை.
வகிட்டிலிருந்து வகிடுவரை ஏழு கோடு,
மசாலா ஏற மீனைக் கீறுவதுபோல.
பட்டியலில் என் கையெழுத்து.
இந்தக் கட்டடத்தில்
அந்தப் பாட்டைக் கடைசியாகக் கேட்டவன் நான்.

என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த ஏப்ரலில் பள்ளிக்கூடங்கள் காலி.
பிள்ளைகள் வகுப்புக்குப் போவதில்லை என்று
உட்கார்ந்துவிட்டார்கள்.
ஒரு சாயங்காலம் பேருந்திலிருந்து இறங்கி
ரொட்டியும் பாலுமாக மேடேறுகிறேன்.
படையாச்சி வீட்டு கார் தெருவில் நிற்கிறது;
கார் நிற்க வேண்டிய இடத்தில்
மூன்று பிள்ளைகள், இரண்டு கிட்டார்,
எண்ணெய் டின்கள், ஓர் உண்மையான டிரம்.

கேட்டதும் தெரிந்துவிட்டது.
ரொட்டியை இடுக்கிக்கொண்டு நின்றேன்.

எவனோ இரவுப் பணிக்காரன்
எங்கள் தட்டிலிருந்தே பதிந்த கேசட்.
ஃபீனிக்ஸ் போய், வெருலம் போய்,
கை மாறிக் கை மாறி இங்கே வந்திருக்கிறது.
பையன் பாடுகிறான்:
யாருடைய க, யாருடைய க, யாருடைய க.
என் முதல் கோட்டில் ஊசி குதித்த இடம்.
கதவு வரவேயில்லை.
கதவு என்று ஒன்று இருந்ததே
அவனுக்குத் தெரியாது.
இருந்தும் நரம்பு புடைக்கக் கத்துகிறான்.

அப்புறம் எல்லாரும் நிறுத்த,
டிரம்மில் இருந்த பெண் மட்டும்
டின் விளிம்பில் குச்சியால் அடிக்கிறாள்,
டக் டக் டக் என்று சீராக.
கண்டக்டர் வேலுசாமியின் மகள் ரோகிணி,
பள்ளி டையை நெற்றியில் கட்டியிருக்கிறாள்.

அது எதற்கு என்று கேட்டேன்.
குரல் எனக்கே சரியாக வரவில்லை.

"பாட்டிலேயே இருக்கு அங்கிள்.
லண்டன்காரன் அப்படித்தான் அடிச்சிருக்கான்.
அதுதான் இதிலே நல்ல இடம்."

மறுபடி வாசித்தார்கள்.
பால் பாட்டில் வேர்த்துக்கொண்டிருந்தது.
அந்த இடம் வந்ததும்
கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டு
எண்ணினேன்.

எட்டு.

இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.
எட்டுதான்.

நான் ஏழுதான் கீறினேன்.